ஆர்சனிக் ஊசியிலிருந்து மூன்று மாத்திரைக்கு

மெலார்சொப்ரால் என்ற மருந்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஏற்ற முடியாது. அது கரைந்திருக்கும் திரவம் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும் என்பதால் கண்ணாடி சிரிஞ்சுதான் வேண்டும். ஊசி குத்தும்போது ரத்தக் குழாய்க்கு வெளியே கொஞ்சம் கசிந்தாலும் அந்த இடத்துச் சதை புண்ணாகிவிடும். சரியாக உள்ளே போனாலும், உடம்புக்குள் நெருப்பை ஏற்றுவதுபோல் எரிகிறது என்று நோயாளிகள் துடித்தார்கள். காரணம், அது ஆர்சனிக் கலந்த மருந்து. நம் ஊர்க் கதைகளில் வரும் பாஷாணம்தான். போட்டுக்கொண்ட 20 பேரில் ஏறக்குறைய ஒருவர், நோயால் அல்ல, அந்த ஊசியாலேயே இறந்தார். 1949-ல் வந்த இந்த மருந்தைத்தான், மூளைக்கு ஏறிவிட்ட ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு அரை நூற்றாண்டு காலம் மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். போடாவிட்டால் சாவு நிச்சயம் என்று தெரிந்ததால், கை நடுங்கினாலும் போட்டார்கள்.

நோய் அப்படிப்பட்டது. செட்சி ஈ கடிக்கும்போது டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணி உடம்புக்குள் இறங்குகிறது. முதலில் காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி. கழுத்தின் பின்புறம் நெறி கட்டும். மலேரியாவாக இருக்கும் என்று விட்டுவிடுவது எளிது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியன்சே வகை சில வாரங்களிலேயே முற்றிவிடும். மேற்கிலும் மத்தியிலும் பரவலாக உள்ள காம்பியன்சே வகையோ மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில், பதுங்கியிருந்துவிட்டு மூளைக்குள் நுழைகிறது. அதன்பின் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுபவர், இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். பேச்சு குழறும், நடை தள்ளாடும், சாதுவாக இருந்தவர் வீட்டாரை அடிக்கக் கை ஓங்குவார். கடைசியில் நினைவிழந்து மரணம். ஒட்டுண்ணி தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் இதுவரை தடுப்பூசி இல்லை. மருந்தை விட்டால் வேறு கதி கிடையாது. அந்த மருந்தும் மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டிப் போயாக வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரிக்கரையில், இன்றைய உகாண்டாவில், இந்த நோய் லட்சக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. ராபர்ட் காக் அங்குள்ள செசே தீவுகளில் அடாக்சில் என்ற ஆர்சனிக் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஒட்டுண்ணி ரத்தத்திலிருந்து மறைந்தது. சிலருக்குக் கண் பார்வையும் போனது. பின்னால் வந்த சுராமினும் பென்டாமிடினும் ஆரம்ப கட்டத்துக்கு மட்டுமே உதவின. மூளைக்கு ஏறிவிட்டால் மறுபடியும் ஆர்சனிக்தான்.

இந்த வரலாற்றில் என் மனம் ஆறாத பகுதி எஃப்ளோர்னிதின் மருந்தினுடையது. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட வேதிப்பொருள் அது. அங்கே எதிர்பார்த்த பலன் தரவில்லை. ஆனால் 1980-ல், தூக்க நோய்க் கிருமி ஏற்றப்பட்ட எலிகளை அது குணப்படுத்துவது தெரியவந்தது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது, நினைவில்லாமல் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். செத்தவரை எழுப்பும் மருந்து என்றே பெயர் எடுத்தது. 1990-ல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. 1995-ல் தயாரிப்பு நின்றுபோனது! மருந்தில் குறை எதுவும் இல்லை. அது தேவைப்பட்டவர்கள் காங்கோவிலும் சூடானிலும் அங்கோலாவிலும் இருந்த பரம ஏழைகள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் நோய் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1998-ல் பதிவானவர்கள் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர். கண்டுபிடிக்கப்படாமல் 3 லட்சம் பேர் இருக்கலாம் என்று கணித்தார்கள். ஆர்சனிக் ஊசிக்குப் பல இடங்களில் ஒட்டுண்ணி பழகிப்போயிருந்தது.

2000-ல் அதே எஃப்ளோர்னிதின் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பி வந்தது, பெண்களின் முகத்தில் வளரும் தேவையற்ற முடியைக் குறைக்கும் கிரீமாக. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் விடாமல் வலியுறுத்திய பிறகு, 2001-ல் ஊசி மருந்தை இலவசமாகத் தயாரித்துத்தர அவென்டிஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆர்சனிக் ஊசியால் இறந்தவர்கள் மருந்து கண்டுபிடிக்கப்படாததால் இறந்தவர்கள் அல்ல.

மருந்து திரும்பியும் பாடு குறையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாக 14 நாளில் 56 தடவை ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். மின்சாரமில்லாத, ஒன்றிரண்டு செவிலியர்களே உள்ள கிராம மருத்துவமனையில் நள்ளிரவு ட்ரிப்ஸை யார் மாற்றுவது? நிஃபர்டிமாக்ஸ் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் 7 நாளில் 14 ட்ரிப்ஸ் போதும் என்று ஆய்வுகள் காட்டின. 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அந்தக் கூட்டு மருத்துவம் இடம்பெற்றது.

புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடுவதற்காகவே 2003-ல் டிஎன்டிஐ என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்று. கைவிடப்பட்ட பழைய வேதிப்பொருள்களை நூற்றுக்கணக்கில் துருவியபோது, ஹெக்ஸ்ட் நிறுவனம் எப்போதோ ஓரங்கட்டியிருந்த ஃபெக்ஸினிடசோல் அவர்கள் கையில் அகப்பட்டது. 2012-ல் தொடங்கி காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் 394 நோயாளிகளிடம் சோதித்தார்கள். வெற்றி 91 சதவீதம். ஊசிக் கூட்டு மருத்துவத்துக்கு 98 சதவீதம். கொஞ்சம் குறைவுதான். ஆனால் 10 நாள் மாத்திரை விழுங்கினால் போதும். நோயின் இரண்டு கட்டங்களிலும் வேலை செய்வதால், மூளைக்கு ஏறிவிட்டதா என்று பார்க்க முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பதும் பலருக்கு இனித் தேவையில்லை. பயந்து சிகிச்சையையே தவிர்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! மாத்திரையை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சேராது. நோய் மிகவும் முற்றியவர்களுக்கு இன்னும் ஊசிதான். காங்கோ அரசு 2018 இறுதியில் ஃபெக்ஸினிடசோலுக்கு அனுமதி தந்தது.

அடுத்தது அகோசிபோரால். மூன்று மாத்திரை, ஒரே வேளை, அத்தோடு சிகிச்சை முடிந்தது. காங்கோவிலும் கினியாவிலும் 208 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. நோய் முற்றியிருந்தவர்களிலும் சுமார் 95 சதவீதம் பேர் 18 மாதம் கழித்து நலமாக இருந்தார்கள். ஒட்டுண்ணியை மைக்ரோஸ்கோப்பில் தேடிக் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தவுடனேயே இதைக் கொடுத்துவிடலாமா என்பதுதான் ஆய்வாளர்களின் இப்போதைய பெரிய கேள்வி. அப்படிக் கொடுக்கலாம் என்றால், உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலேயே காரியம் முடிந்துவிடும்.

2018 முதல் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கும் குறைவாகவே நோய் பதிவாகிறது. காம்பியன்சே வகை பரவுவதை 2030-க்குள் அடியோடு நிறுத்துவது இலக்கு. ஆனால் 1960-களிலும் எண்ணிக்கை இப்படித்தான் குறைந்து, சில ஆயிரங்களுக்கு இறங்கியிருந்தது. நோய் ஒழிந்தது என்று பரிசோதனைக் குழுக்களைக் கலைத்தார்கள், பணத்தை நிறுத்தினார்கள், போர்களும் சேர்ந்துகொண்டன. முப்பதே ஆண்டில் லட்சங்களில் திரும்பி வந்தது. கிராமம் கிராமமாகப் படகிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்க் கழுத்தைத் தடவி நெறி பார்க்கும் அந்தக் குழுக்களுக்கு, நோயாளியே அகப்படாத ஆண்டுகளிலும் சம்பளம் போக வேண்டும்.