நிமோனியா ஊசி போட்டால் இழுப்பு நிற்குமா?

காத்தோங், சிலோன் ரோடு செண்பக விநாயகர் ஆலயத்தில் பூசை முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஆஸ்துமா உள்ள அம்மா ஒருவர் கேட்டார்: “தம்பி, நிமோனியா ஊசி போட்டுக்கிட்டா எனக்கு இழுப்பு வராதுல்ல?”

வரும். அந்த ஊசி ஆஸ்துமாவுக்கான மருந்தன்று. நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பல; இந்தத் தடுப்பூசி அவற்றுள் நிமோகாக்கஸ் என்ற ஒரே பாக்டீரியாவைத்தான் தடுக்கிறது. இழுப்பைக் கிளப்புபவையோ பெரும்பாலும் சளிக் கிருமிகள், தூசு, புகைமூட்டம் போன்றவை. எனவே ஊசி போட்டாயிற்று என்று இன்ஹேலரை ஓரம்கட்டினால் ஆபத்துதான்.

பிறகு எதற்கு ஊசி? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2005ல் வெளியானது. 2 முதல் 49 வயது வரையிலானோரில், நிமோகாக்கஸ் கிருமி ரத்தம் போன்ற இடங்களுக்குள் புகுந்து கடுமையாகத் தாக்கும் அபாயம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரு மடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது. அதற்குப் பின், 2008ல், ஆஸ்துமா உள்ள பெரியவர்களையும் அமெரிக்கா தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனில் அப்படியில்லை. ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடர்ந்தோ அடிக்கடியோ சாப்பிடும் அளவுக்குக் கடுமையான ஆஸ்துமா இருந்தால்தான் அங்கே ஊசி.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. அபாயம் அதிகம் என்பது ஒன்று. ஊசியால் ஆஸ்துமா எவ்வளவு தணியும் என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு 2002ல் ஆய்வுகளைத் தேடித் தொகுத்தவர்களுக்குக் கிடைத்தது 30 பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரே ஒரு பரிசோதனை. அதை வைத்து உறுதியாக என்ன சொல்ல முடியும்?

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான தேசிய அட்டவணையில் இந்த ஊசி 2009ல்தான் சேர்ந்தது. அந்த அம்மாவின் தலைமுறை சிறுவயதில் போட்டிருக்க வழியில்லை. பெரியவர்களுக்கான தேசிய அட்டவணை, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள 18 முதல் 64 வயதினருக்கும் பரிந்துரைக்கிறது. உங்கள் ஆஸ்துமா அதில் அடங்குமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தகுதியிருந்து, ‘ஹெல்தியர் எஸ்ஜி’யில் பதிந்த குடிமக்களாகவும் இருந்தால், பதிந்த மருந்தகத்தில் கட்டணமில்லை. மற்றவர்கள் மெடிசேவ் பயன்படுத்த முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

மரின் பரேட் பலதுறை மருந்தகத்திற்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ போகும்போது, கடந்த ஓராண்டில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்கள், எத்தனை முறை மருத்துவமனைக்குப் போனீர்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த அம்மா அன்றே பேத்தியிடம் சொல்லித் தம் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டார்.