ரவுட்டர் தன்னைத்தானே கவனிக்கும்போது

தொலைவில் இருக்கும் ஒரு ரவுட்டருக்குள் நுழைந்து, "உன்னிடம் வந்துபோகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் எனக்குக் காட்டு" என்று கேட்கிறோம். அது ஒரு பாக்கெட்டைப் பார்க்கிறது. அதைப் பற்றி ஒரு வரி எழுதுகிறது. அந்த வரி நம் திரைக்கு வந்து சேர வேண்டுமே! அதுவும் பாக்கெட்டாகத்தான் கிளம்பும். உடனே அந்தப் பாக்கெட்டைப் பற்றியும் ஒரு வரி. அதை அனுப்ப இன்னொரு பாக்கெட், அதற்கும் ஒரு வரி. சற்று நேரத்தில் ரவுட்டர் மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு, தான் எழுதியதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும்.

சிஸ்கோ ரவுட்டர்களில் 'டீபக் ஐபி பாக்கெட்' என்ற கட்டளையை வரம்பு எதுவும் வைக்காமல் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். நெட்வொர்க் வேலையில் ஊறியவர்கள் இதைத் தொடங்குவதற்கு முன்பே, நிறுத்தும் கட்டளையான 'அன்டீபக் ஆல்' என்பதைக் கைவசம் வைத்திருப்பார்கள். வரிகள் கொட்டும்போது நாம் தட்டும் எழுத்துகள் நம் கண்ணுக்கே தெரியாது.

சாதனத்தோடு நேரடிக் கம்பியில் இணைந்த கன்சோல் திரையில் பார்த்தால் இந்தச் சுழற்சி இல்லை. ஆனால் அங்கே வேறொரு நெருக்கடி. கன்சோலின் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால், நொடிக்கு 960 எழுத்து. எண்பது எழுத்து கொண்ட வரிகள் பன்னிரண்டுதான் போகும். சின்ன ரவுட்டர்கூட நொடிக்கு ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளைக் கடத்தும். போதாததற்கு, பல ரவுட்டர்களில் கன்சோலுக்குப் போகும் ஒவ்வோர் எழுத்தும் சிபியுவின் வேலையை ஒருமுறை இடைமறிக்கிறது. அதனால் இப்படிச் சாதனம் தான் கண்டதை வரிவரியாக எழுதும் டிரேஸை அமைக்கும்போது முதல் வேலை, கன்சோலுக்கு அந்த லாக் வரிகள் போவதை நிறுத்தி, சாதனத்தின் நினைவகத்தில் உள்ள பஃபருக்குத் திருப்பிவிடுவது.

என்னை மிகவும் வியக்க வைப்பது இதற்கு நேர் எதிரான நிலைமை. டிரேஸைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். திரையில் ஒன்றுமே வரவில்லை. போக்குவரத்தோ அமோகமாக நடக்கிறது! காரணம், பெரிய ரவுட்டர்களிலும் சுவிட்சுகளிலும் பாக்கெட்டுகளைக் கடத்துவது அதற்கென்றே வடிவமைத்த சில்லுகள். சிபியு அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்ப்பதே இல்லை. ரவுட்டருக்கே முகவரியிட்டு வருபவை, அண்டை ரவுட்டர்கள் பாதைகளைப் பற்றி அனுப்பும் செய்திகள், பயண எல்லை தீர்ந்துபோன பாக்கெட்டுகள் என்று சிலவே அதனிடம் வருகின்றன. டிரேஸ் எழுதுவது சிபியு. ஆகவே சிபியு கண்டதுதான் டிரேஸில் இருக்கும். சில்லுகளின் இந்த விரைவுப் பாதையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சிபியு வழியாகத் திருப்பச் சில சாதனங்களில் வழியுண்டு. அப்போது எல்லாம் தெரியும். ஆனால் அதுவரை நன்றாக ஓடிய சாதனம் திணறத் தொடங்கும். நாம் பார்க்க வந்த போக்குவரத்தே அதனால் மாறிப்போகும்.

எனவே டிரேஸ் அமைப்பது பெரும்பாலும் விலக்கும் வேலைதான். இந்த இரண்டு முகவரிகளுக்கு இடையே செல்பவை மட்டும், இந்த ஒரு நெறிமுறையின் செய்திகள் மட்டும் என்று குறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஜூனிப்பர் சாதனங்களில் 'டிரேஸ் ஆப்ஷன்ஸ்' என்ற பகுதியில் ஒவ்வொரு நெறிமுறைக்கும் தனித்தனியாக இதைச் சொல்லலாம். எழுதும் கோப்பு எவ்வளவு பெரிதாகலாம், எத்தனை பழைய கோப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். பஃபரோ வட்டமானது, நிறைந்ததும் மிகப் பழைய வரியின் மேல் புதிய வரி ஏறிவிடும். சாதனம் மறுபடி துவங்கினால் பொதுவாக அத்தனையும் போயிற்று.

அதனால் லாக்கின் ஒரு படியை வெளி சர்வருக்கும் அனுப்புகிறார்கள். அதற்கான சிஸ்லாக் முறையை 1980களில் எரிக் ஆல்மன் தம்முடைய சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கினார். எட்டுத் தீவிர நிலைகள்: 0 என்றால் சாதனமே பயன்பாட்டுக்கு உதவாத நிலை, 7 என்றால் டீபக். செய்தியின் தலையில் ஓர் எண் இருக்கும். சிஸ்கோவிலிருந்து அடிக்கடி வருவது 189. அதை எட்டால் வகுத்தால் ஈவு 23, மீதி 5. ஈவு அனுப்பிய பிரிவைச் சொல்கிறது, மீதி தீவிரத்தை. ஒரே எண்ணுக்குள் இரண்டு தகவல்! ஆனால் வழக்கமாக இது யுடிபி நெறிமுறையின் 514-ஆம் போர்ட் வழியே போகிறது. சேர்ந்ததா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். இணைப்பு அறுந்தால், அறுந்தது என்ற செய்தியும் அந்த வழியில் தொலைந்துபோகக்கூடும். பஃபரையும் சர்வரையும் சேர்த்தே வைத்திருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது நேரம். மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லாத சிஸ்கோ ரவுட்டர்கள் பல விழித்தவுடன் 1993 மார்ச் 1 என்று நினைத்துக்கொள்ளும். லாக் வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், இந்த நேரத்தை நம்பாதே என்று சாதனமே சொல்கிறது. டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985-இல் ஆவணமாக வந்த, கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி நெறிமுறையை இயக்கிய பிறகுதான் இரண்டு ரவுட்டர்களின் டிரேஸ்களை அருகருகே வைத்து, எது முன்னே எது பின்னே என்று பேச முடியும். அதற்கும் மில்லிநொடி வரை எழுதச் சொல்லி அமைத்திருக்க வேண்டும். பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டுக்கே இடமில்லை. 2009-இல் வந்த புதிய தரம் ஆண்டையும் நேர மண்டலத்தையும் மைக்ரோநொடியையும் சேர்த்தது. பழைய வடிவில் அனுப்பும் சாதனங்கள் இன்னும் ஏராளம் என்பதால், செய்தி வந்து சேர்ந்த நேரத்தையும் சர்வரில் குறித்து வைக்கும்படி அமைப்பது நல்லது.