மூடுபனியும் சிவப்பு விளக்கும்

திண்டுக்கல்லிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சிறுமலை. இங்கே எங்கள் வீட்டில் ஒரு விசித்திரம்: மூடுபனி இறங்கினா நெட் போயிடும். மலைன்னா அப்படித்தான்னு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகளின் ஆன்லைன் தேர்வு பாதியில் நின்றபோதுதான் பொறுக்க முடியாமல் புது ரவுட்டர் வாங்கினேன். 3,500 ரூபாய். அடுத்த பனிக்கு அதுவும் படுத்துவிட்டது.

அப்புறம்தான் வீட்டில் என்னென்ன பெட்டி, எது என்ன வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

தெருக் கம்பத்திலிருந்து வருவது கண்ணாடி இழை. அதில் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி. அந்த ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது ஓஎன்டி. அந்த ஒரு இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில் வருகின்றன. ஓஎன்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சரியாக வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டரும் பிரயோஜனமில்லை.

எங்கள் வீட்டில் எரிந்ததும் அந்தச் சிவப்புதான். லைன் பார்க்க வந்த தம்பி மீட்டரை வைத்தார். மைனஸ் 21 டிபிஎம். "நல்லாத்தானே இருக்குண்ணே!" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பனி உள்ளே வர, வீட்டம்மா ஜன்னலைச் சாத்தினார். மீட்டர் மைனஸ் 30க்கு இறங்கியது!

இழை அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கதவு அதை மடக்கி நசுக்கியிருக்கிறது. 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகும். 9 குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. பொதுவாக மைனஸ் 27க்குக் கீழே போனாலே ஓஎன்டி தடுமாறும். பாவம், பனி மேல் வீண் பழி!

சுவரில் ஒரு துளை போட்டு இழையை வளைவில்லாமல் உள்ளே கொண்டுவந்தோம். தீர்ந்தது.

ஆகவே காசு செலவழிக்கும் முன் விளக்கைப் பாருங்கள். லாஸ் சிவப்பா? இழையைப் பாருங்கள், லைன்காரரைக் கூப்பிடுங்கள். விளக்கெல்லாம் சரி, உள் அறையில் மட்டும் வேகம் இல்லையா? ரவுட்டரை நடு வீட்டுக்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கனமான சுவரைத் தாண்டத் திணறும், 2.4 ஓரளவு தாண்டும். கரண்ட் போனால் மட்டும் நெட் போகிறதா? பெட்டியில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால், அதற்கேற்ற சின்ன யுபிஎஸ் போதும்.

அந்த 3,500 ரூபாய் ரவுட்டர் பரணில் இருக்கிறது.