இலையுதிர்கால இமயமலைப் பயணம்: மழையும் பனியும் கலந்த வானிலை அறிக்கையை உடல்நல நோக்கில் படிப்பது எப்படி?

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கேதார்நாத், பத்ரிநாத் முதலிய தலங்களுக்குப் புறப்படும் தமிழக யாத்திரிகர்கள் பலர், வானிலை அறிக்கையில் 'பனிப்பொழிவு' என்னும் ஒரு சொல்லை மட்டுமே தேடுகின்றனர். அச்சொல் இல்லையெனில் கவலையின்றிப் புறப்படுகின்றனர். 'மழை' என்று இருந்தால் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்தவர்களுக்கு மழை புதிதன்று; நனைந்தால் சளி பிடிக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை என்பதே நம் அனுபவம். அந்த அனுபவம் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் பொருந்தாது. உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையில், காற்றுடன் பெய்யும் மழை, உலர்ந்த பனியைவிடப் பெரும்பாலும் கூடுதல் ஆபத்தை விளைவிக்கும். பனியைத் தட்டி உதறிவிடலாம். மழை ஆடைக்குள் இறங்கி உடலிலேயே தங்கிவிடும்.

ஒரே மேகம்: கீழே மழை, மேலே பனி

தென்மேற்குப் பருவமழை உத்தராகண்டிலிருந்து விலகிய பின்னர், அக்டோபரில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இடையிடையே, மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மேற்குக் காற்றோட்டத்துடன் நகர்ந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்னும் வானிலை அமைப்பு இமயமலையை அடைகிறது. அவ்வேளையில் தாழ்வான பகுதிகளில் மழையும் உயர்ந்த பகுதிகளில் பனிப்பொழிவும் ஏற்படுகின்றன. வங்கக் கடலின் ஈரக்காற்றும் அதனுடன் இணைந்தால் மழை மிகக் கடுமையாகும். 2021 அக்டோபரில் அதுவே நிகழ்ந்தது. குமாவுன் மலைப்பகுதியிலுள்ள முக்தேஷ்வரில் 24 மணி நேரத்தில் 340.8 மி.மீ. மழை பதிவாயிற்று. அதே நாள்களில், ஹர்சிலில் இருந்து சிட்குலை நோக்கி உயரமான கணவாய் வழியே நடைப்பயணம் சென்றவர்களில் பலர் பனியில் சிக்கி உயிரிழந்தனர். அம்மழைக்கு முன்னரே சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கேதார்நாத் பாதை தொடங்கும் கௌரிகுண்ட் ஏறத்தாழ 1,980 மீட்டர் உயரத்திலும், ஆலயம் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட வேறுபாடு 1,600 மீட்டர்; ஆகவே அடிவாரத்தில் 12 டிகிரி இருக்கையில் மேலே 2 டிகிரி அளவே இருக்கக்கூடும். யாத்திரிகர் கீழே மழையில் நனைகிறார்; நனைந்த ஆடையுடன் பல மணி நேரம் ஏறுகிறார்; மாலையில் உறைநிலையை ஒட்டிய காற்றில் போய் நிற்கிறார். ஆகையால், தங்கியிருக்கும் ஊரின் முன்னறிவிப்பைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். அன்று நீங்கள் அடையவிருக்கும் மிக உயரமான இடத்துக்கு, அதுவும் மாலை வேளைக்கு, எவ்வளவு வெப்பநிலை இருக்கும் என்பதைப் பாருங்கள். அந்த இடத்துக்குத் தனி அறிக்கை கிடைக்காவிடில் மேற்கூறிய கணக்கே தோராயமாக உதவும்.

அறிக்கையில் வரும் சொற்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டேராடூன் மையம் மாவட்டவாரியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. இதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொற்றொடர் 'ஓரிரு இடங்களில்' என்பதாகும். அப்பகுதியில் உள்ள நிலையங்களில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பெய்யும் என்பதே அதன் பொருள். பரப்பைப் பற்றிய சொல்லே தவிர, மழையின் வலிமையைப் பற்றியதன்று. அந்த ஓரிரு இடங்களில் ஒன்றாக நீங்கள் ஏறும் மலைச்சரிவும் இருக்கலாம்.

வலிமையைக் குறிப்பவை வேறு சொற்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கும் மேற்பட்டது அதி கனமழை. நிற எச்சரிக்கைகளில் மஞ்சள் கவனமாக இருக்கவும், ஆரஞ்சு தயார்நிலையில் இருக்கவும், சிவப்பு உடனடியாகச் செயல்படவும் அறிவுறுத்துகின்றன. ஆயினும் உடலைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு அவசியம்: உடல் வெப்பக்குறைவு ஏற்படக் கனமழை தேவையில்லை. எந்த எச்சரிக்கையும் இல்லாத மெல்லிய தூறல், மூன்று மணி நேரம் தொடர்ந்தால் போதும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாள்களில் மலையேற்றத்தை ஒத்திவையுங்கள். முதியோர், குழந்தைகள், இதயநோய் அல்லது ஆஸ்துமா உள்ளோர் மஞ்சள் எச்சரிக்கை நாளிலும் காத்திருப்பதே நல்லது.

நனைந்த உடலில் நிகழ்வது

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஈர ஆடை வழியே உடல் வெப்பம் வெளியேற, வீசும் காற்று அதை மேலும் விரைவுபடுத்துகிறது. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் செல்லும் நிலையே உடல் வெப்பக்குறைவு எனப்படுகிறது. வெளியே 5 முதல் 10 டிகிரி வரை இருக்கும்போதும் இது நேரலாம்.

இதன் முதல் அறிகுறி நடுக்கம். பின்னர் பேச்சு குழறும், கால் தடுமாறும், பொத்தானை மாட்டவும் விரல்கள் ஒத்துழைக்கா. பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் இதை உணர்வதில்லை; 'எனக்கு ஒன்றுமில்லை' என்றே கூறுவார். எனவே உடன் செல்வோரே கவனிக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடேறாமலே நடுக்கம் நின்று சோர்ந்துவிட்டால், அது தேறியதன் அடையாளம் அன்று. நிலை முற்றியதன் அடையாளம். அவரை உடனே காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுசென்று படுக்க வையுங்கள். ஈர ஆடைகளை நீக்கி, உலர்ந்த கம்பளியால் தலையையும் உடலையும் போர்த்துங்கள். முழு உணர்வுடன் விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. மது கொடுக்கவே கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச்செய்து, எஞ்சிய வெப்பத்தையும் வெளியேற்றிவிடும்.

பருத்தி வேட்டியும் சேலையும் நம் ஊருக்கு ஏற்றவை; நனைந்தால் உலராத அவற்றை உடுத்து மலையேறுவது உகந்ததன்று. உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி ஆடை, நடுவே குளிராடை, வெளியே நீர்புகாத மேலாடை என மூன்று அடுக்காக அணியுங்கள். மலிவான நெகிழி மழையங்கி வெளிநீரைத் தடுத்தாலும், ஏறும்போது சுரக்கும் வியர்வையை உள்ளேயே தேக்கி வைக்கிறது. அதனால் நெகிழிப் பையில் சுற்றிய ஒரு முழு மாற்றுடை, காலுறை உட்பட, ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். அது குதிரையில் முன்னே செல்லும் மூட்டையில் இருந்தால் பயனில்லை.

உயரமும் குளிரும் சேரும்போது

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. அதேவேளையில் 3,500 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. குளிர், உயரம், ஏற்றம் ஆகிய மூன்று சுமைகளையும் இதயம் ஒருங்கே தாங்க வேண்டியுள்ளது. பத்ரிநாத்தின் தப்த குண்டத்து வெந்நீரில் நீண்டநேரம் குளித்துவிட்டு ஈர உடலுடன் குளிர்காற்றில் நிற்பதும், இதயநோயாளிகளுக்குத் தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். உடனே துவட்டி உடுத்திக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை தோன்றினால் அது உயர்மலை நோயாக இருக்கலாம். அதற்குமேல் ஏறாதீர்கள். ஓய்விலும் மூச்சுத்திணறல், ஓயாத இருமல், தள்ளாட்டம், குழப்பம் இருந்தால் தாமதமின்றிக் கீழிறங்க வேண்டும். வானிலை தெளியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கு ஆபத்தாகலாம். உயர்மலை நோய்க்கான தடுப்பு மாத்திரையை மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ள வேண்டாம்.

ஹெலிகாப்டரில் செல்வோருக்குத் தனியாக ஒன்று கூற வேண்டியுள்ளது. சில நிமிடங்களில் மேலே சென்றுவிடுவதால், உடல் உயரத்துக்குப் பழகுவதில்லை. தரிசனம் முடிந்து இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, குளிராடையும் அன்றாட மருந்துகளும் இன்றிச் செல்வோர் பலர். மேகம் சூழ்ந்தால் ஹெலிகாப்டர் சேவை நிறுத்தப்படும். இரவை அங்கேயே கழிக்க நேரும். குறைந்தது மூன்று நாள்களுக்குரிய மருந்து கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் உறைந்தால் பயன்படாது. அதை உள்ளாடைப் பையில் உடலோடு சேர்த்து வையுங்கள். குளிரில் சர்க்கரை அளவிடும் கருவியும் தவறான அளவைக் காட்டலாம்.

இரவுத் தங்கலில்

ஈரத்துடன் அறைக்கு வந்தவுடன், கதவு சன்னல்களை அடைத்துக் கரி அடுப்பை மூட்டுவது மலைப்பகுதிகளில் அடிக்கடி காணப்படும் பழக்கம். கரி எரிகையில் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழக்கின்றனர். அதன் தொடக்க அறிகுறிகளான தலைவலியும் குமட்டலும் உயர்மலை நோயை ஒத்திருப்பதால் ஏமாறவும் வாய்ப்புண்டு. ஒரே அறையில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் உடனே வெளியேறுங்கள். உறங்கும் அறைக்குள் கரி அடுப்பு வேண்டாம்.

மறுநாள் வெயில் அடித்தால், புதிய பனியில் பட்டுத் தெறிக்கும் புறஊதாக் கதிர்கள் கண்களைப் பாதிக்கும். கறுப்புக் கண்ணாடி அணியுங்கள்.

கேதார்நாத் ஆலயம் தீபாவளியை அடுத்த பாய் தூஜ் நாளிலும், பத்ரிநாத் ஆலயம் பெரும்பாலும் நவம்பர் நடுவிலும் நடைசாத்தப்படுகின்றன. அந்தக் கடைசி வாரங்களில் பயணச்சீட்டும் விடுமுறையும் முன்பே உறுதியாகிவிடுவதால், மழையைக் கண்டும் திரும்ப மனம் வருவதில்லை. திட்டமிடும்போதே ஒன்றிரண்டு நாள்களைக் கூடுதலாக ஒதுக்குங்கள். ஏறத் தொடங்கும் காலையில் அன்றைய அறிக்கையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். மூன்று நாள்களுக்கு முன் பார்த்ததை நம்ப வேண்டாம். வழியில் யாருக்கேனும் மேற்கூறிய அறிகுறிகள் தோன்றினால், அருகிலுள்ள மருத்துவ முகாமை அணுகுங்கள் அல்லது 108 என்ற எண்ணை அழையுங்கள்.