குனிந்து எடுக்கும் சுமை

பறக்கும் வட்டுகள் – 9

வட்டை எறிந்து கூடையில் விழச் செய்யும் டிஸ்க் கோல்ஃப் களத்தில் முதன்முதலாக நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு, ஆட்டக்காரர்களின் முதுகில் தொங்கும் பெரிய பைதான் முதலில் கண்ணில் படும். இத்தனையையும் சுமந்துகொண்டு 18 கூடைகளுக்கும் நடப்பது சிரமம் இல்லையா என்று கேட்பார்கள். நடப்பதில் அவ்வளவு சிரமம் இல்லை. சிரமம் குனிவதில் இருக்கிறது. எறிவதற்கு முன் பையைத் தரையில் வைக்க வேண்டும், வேண்டிய வட்டை உருவ வேண்டும், எறிந்த பிறகு பையைத் தூக்கி மறுபடி தோளில் மாட்ட வேண்டும். புதிதாக ஆடுகிறவர் ஒரு சுற்றை முடிக்க எழுபது எறிகளுக்கு மேல் எடுத்துக்கொள்வது சகஜம். கூடைக்குப் பக்கத்தில் நின்று போடும் குட்டை எறிகளைக் கழித்துவிட்டாலும், நாற்பது ஐம்பது தடவை அந்தப் பை தரைக்கும் தோளுக்கும் ஏறி இறங்கும். பை வாங்கப் போகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். எத்தனை வட்டு கொள்ளும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கடைகளிலோ கொள்ளளவுதான் முதலில் வரும். 10 வட்டுப் பை, 18 வட்டுப் பை, 25 வட்டுப் பை என்றுதான் அடுக்கி வைத்திருப்பார்கள். எண் கூடக் கூட விலையும் கூடும். பெரியதை வாங்கினால் பின்னால் உதவும் என்று தோன்றும். அங்கேதான் பலருடைய தோள்வலி ஆரம்பிக்கிறது.

எடையைப் பார்ப்போம். பி.டி.ஜி.ஏ. எனப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்படி, வட்டின் விட்டத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. நெடுந்தூரம் எறிவதற்கான, 21.2 செ.மீ. விட்டமுள்ள 'டிரைவர்' வட்டு என்றால் கிட்டத்தட்ட 176 கிராம். இருபது வட்டுகள் மூன்றரைக் கிலோ. சட்டம் வைத்துத் தைத்த நல்ல முதுகுப்பை வெறுமையாகவே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. மழைச்சட்டை, குடை, துண்டு, தின்பதற்குக் கொஞ்சம் என்று சேர்த்தால் எட்டுக் கிலோவை நெருங்கிவிடுவோம். எட்டுக் கிலோவை ஒரு முறை தூக்குவது யாருக்கும் பொருட்டல்ல. ஐம்பதாவது முறை, அதுவும் உடம்பை முறுக்கி எறிந்த மறுகணமே தூக்கும்போது, இடுப்பு பேச ஆரம்பிக்கும்.

இந்த விளையாட்டுக்குப் பை என்பதே கொஞ்சம் பிந்தி வந்த சாமான். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தபோது, எறியப்பட்டவை ஏறக்குறைய ஒரே வடிவமுள்ள ஃபிரிஸ்பிகள். முதலில் கம்பங்களைக் குறிவைத்து எறிந்தார்கள். சங்கிலி தொங்கும் கூடை பிறகு வந்தது, அதற்கு 1977-இல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரே மாதிரிப் பறக்கும் வட்டுகளில் இருபதைச் சுமக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. 1983-இல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரிவாக்கி 'ஈகிள்' என்ற வட்டைக் கொண்டுவந்தார். இன்னோவா நிறுவனம் அதில் பிறந்தது. விளிம்பின் கூர்மையையும் அகலத்தையும் மாற்ற மாற்ற, வட்டு வேறுவேறு விதமாகப் பறக்கும் என்று தெரிந்துவிட்டது. இடப்பக்கம் வளைவதற்கு ஒன்று, எதிர்காற்றில் கவிழாமல் போவதற்கு ஒன்று, தரையோடு ஒட்டிச் சறுக்குவதற்கு ஒன்று. கையில் பிடித்துக்கொண்டு நடந்தது போதாமல், தோளில் ஒரு பை ஏறியது.

முதலில் வந்தவை ஒற்றை வார் வைத்த தோள்பைகள். எடையெல்லாம் ஒரே தோளில். வலக்கைக்காரருக்கு எறியும் அசைவே உடம்பை ஒரு பக்கமாகத் திருகுவது; அதற்கு மேல் சுமையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முதுகுக்கு இரட்டைத் தண்டனை. அதனால் பழைய தோள்பையிலேயே மாட்டிக்கொள்ள இரட்டை வார்கள் தனியாக விற்பனைக்கு வந்தன. இன்னோவாவின் 'குவாட் ஷாக்' வார் அப்படி ஒன்று. பையின் நான்கு மூலைகளில் கொக்கி மாட்டி, முதுகில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் முதுகில் சுமப்பதற்கென்றே தைத்த பைகள் வந்து களங்களை நிறைத்தன. கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூரான எம்போரியாவில் 2005-இல் ஜெரமி ரஸ்கோ தொடங்கிய டைனமிக் டிஸ்க்ஸ், இன்று வட்டுகளுக்கு எவ்வளவு பெயர் பெற்றதோ அவ்வளவு பெயர் அதன் பைகளுக்கும்.

எத்தனை வட்டு தேவை என்ற கேள்விக்கு விதிப்புத்தகம் உதவாது. கோல்ஃபில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-இலேயே வரம்பு கட்டிவிட்டது. டிஸ்க் கோல்ஃபில் அப்படி ஒரு வரம்பு இல்லை. தூக்க முடிந்தால் ஐம்பதும் கொண்டுபோகலாம். ஆகவே வரம்பு கட்டுவது பையின் வேலையாகிறது. பையில் காலியிடம் இருந்தால் அது நிரம்பும். கடையில் நிறம் பிடித்தது என்று ஒன்று வரும், நண்பர் கொடுத்தது என்று இன்னொன்று வரும். இரண்டும் பையிலேயே கிடக்கும், எறியவே மாட்டார்கள். தன் முறை வந்த பிறகு எறிய முப்பது வினாடிதான் அவகாசம். அந்த நேரத்தில் எட்டு டிரைவர்களுக்கு நடுவே எதை எடுப்பது என்று தடுமாறுகிறவர், எடுத்த வட்டை நம்பாமலே எறிகிறார். நம்பாமல் எறிந்த வட்டு எங்கே போகும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

குறைந்த வட்டுகளோடு ஆடுவதன் மேல் எனக்குள்ள நம்பிக்கை உறுதியானது. அதற்கு நான் காட்டும் சாட்சி 2021 ஜூனில் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி. கடைசிக் கூடை. ஜேம்ஸ் கான்ராட் ஓர் எறி பின்தங்கியிருக்கிறார். முன்னால் இருப்பவரோ பால் மெக்பெத். அதற்குள் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றுவிட்டவர். கான்ராடின் வட்டு கிடந்த இடத்திலிருந்து கூடைக்கு 247 அடி, அதாவது 75 மீட்டர். அங்கிருந்து நேரே சங்கிலியில் போட்டால் ஒழியப் பட்டம் கைவிட்டுப் போகும். அவர் எடுத்தது 'என்வி' என்ற புட்டர். கூடைக்கு அருகில் நின்று போடுவதற்கென்று நாம் ஒதுக்கி வைக்கும் வகை. மெதுவாகப் பறக்கும், நேராகப் பறக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும் வட்டு. அது மிதந்து போய்ச் சங்கிலியில் விழுந்தது. ஆட்டம் சமனாகி, கூடுதல் ஆட்டத்தில் கான்ராட் சாம்பியன் ஆனார். இந்த விளையாட்டில் இன்றுவரை அதிகம் பேசப்படும் எறி அதுதான் என்பேன். ஒரு வட்டை அத்தனை தூரத்திலிருந்து, அத்தனை பேர் பார்க்க நம்பி எறிவதற்கு, அதை எத்தனையோ நாள் எறிந்து பழகியிருக்க வேண்டும்.

அதனால் முதல் வருடத்துக்குச் சிறிய தோள்பை போதும். ஆறு முதல் பத்து வட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டில் தேடுங்கள். அமெரிக்கக் களங்களில் தச்சர்கள் ஆணி, சுத்தியல் போட்டுக்கொள்ளும் வாயகன்ற கருவிப் பையில் வட்டுகளை அடுக்கி வருகிறவர்கள் உண்டு. மதியச் சாப்பாடு ஆறாமல் வைக்கும் பை, பழைய ராணுவப் பை எல்லாம் களத்துக்கு வருகின்றன. பிளாஸ்டிக் வாளியில் புட்டர்களைப் போட்டுக்கொண்டு வந்து, பயிற்சி நடுவே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறுகிறவர்களைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வந்திருக்கிறது. என்ன தேவை என்று தெரிந்து செய்கிறார்கள்.

சரி, ஓராண்டு ஆடியாயிற்று, நல்ல முதுகுப்பை வாங்கும் நேரம் வந்துவிட்டது. கடைக்கு உங்கள் வட்டுகளையே எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வட்டுகளை நிரப்பி, தண்ணீர் பாட்டிலையும் சொருகி, பத்து முறை தரையில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். தரையில் வைத்ததும் தானாக நிற்கிறதா, முகம் குப்புறக் கவிழ்கிறதா? சாய்ந்து விழும் பையை எனக்குத் தெரிந்து யாரும் இரண்டாம் வருடம் வைத்திருப்பதில்லை. மேலே பிடி இருக்கிறதா? எல்லா நேரமும் தோளில் மாட்டத் தேவையில்லை. அடுத்த எறிக்குப் பத்தடி நகரும்போது கையில் தூக்கிப் போக அந்தப் பிடிதான் வேண்டும்.

அடுத்தது வாய். வட்டுகள் உள்ளே, ஸ்டாண்டில் சொருகிய சாப்பாட்டுத் தட்டுகள் போல விளிம்பில் நிற்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒன்றை உருவும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வரும். தளர்வாக இருந்தால் எல்லாம் ஒரு பக்கம் சரியும். உள்ளே தடுப்பு இருந்து, அதை நகர்த்தவும் முடிந்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். பையின் அட்டையில் போட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். புட்டர் டிரைவரைவிட உயரம் கூடியது. புட்டர் அதிகம் வைத்திருப்பவருக்கு 18 வட்டுப் பையில் 18 வட்டு அடங்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் புட்டர் அறை. ஒவ்வொரு கூடையிலும் கடைசி எறி புட்டரால்தான், பல சமயம் கடைசிக்கு முந்தியதும் அதனால்தான். அந்த அறை பையின் மேற்பக்கமோ பக்கவாட்டிலோ, ஜிப் இல்லாமல் கை போன இடத்தில் இருக்க வேண்டும். ஒரு புட்டருக்கு மட்டும் இடம் இருந்தால் போதாது, இரண்டு கொள்ள வேண்டும். அதன் பக்கத்திலேயே, வட்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் சிறு குறிவட்டுக்கு ஒரு பாக்கெட். 7 முதல் 15 செ.மீ. வரை விட்டமுள்ள அந்தச் சின்னப் பொருள் பெரிய பையின் அடியில் போய்விட்டால் கிடைக்காது. ஈரத்தை உறிஞ்சத் தூள் நிரப்பிய துணிமுடிச்சும் அங்கேயே தொங்கட்டும்.

துணியைப் பற்றி ஒன்று. கடைக்காரர் 1000 டெனியர் நைலான் என்பார். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுதான் டெனியர்; எண் கூடினால் நூல் தடிமன், உராய்வைத் தாங்கும். ஆனால் மழையை நிறுத்துவது நூலின் தடிமன் அல்ல, உட்புறம் பூசிய பூச்சு. அதைத் தனியாகக் கேளுங்கள். அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். ஈரப் புல்லில் நாள் முழுக்க நிற்கப் போகும் பகுதி அது. கெட்டியான ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்க வேண்டும்.

இனி சக்கரம். ஜூக்கா என்ற வண்டியை இன்று பெரிய போட்டிகளில் எங்கும் பார்க்கலாம். அலுமினியச் சட்டம், இழுக்கும் கைப்பிடி, மேலே உட்காரும் பலகை. அது இந்த விளையாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லாரா உடால், தன் மகள் பள்ளிப் புத்தகப் பையால் முதுகு வலிக்கிறது என்று சொன்னதைக் கேட்டு உருவாக்கிய வண்டி அது. பனிச்சறுக்கு நடனம் ஆடும் பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், பிறகு வட்டு எறிபவர்கள். இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழந்தையின் முதுகைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது பெரியவர்களின் முதுகையும் காத்தது.

வண்டி இழுப்பதைச் சோம்பேறித்தனம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. பி.டி.ஜி.ஏ.வில் 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வயதில் காட்டு வழியில் நடந்து எறிய வருகிறவரை வண்டி வைத்திருக்கிறார் என்று குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. முப்பது வயதில் முதுகு பழுதுபட்டவருக்கும் அதே நியாயம்தான்.

ஆனால் வண்டியை உங்கள் வயதைப் பார்த்து வாங்குவதைவிட, ஆடும் நிலத்தைப் பார்த்து வாங்குங்கள். கான்சாஸ் சமவெளியில் வண்டி சுகமாக உருளும். அங்கே எதிரி காற்று. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் இருக்கும் டெலவியாகா களம் மேடும் பள்ளமும். அதன் 27-ஆவது கூடைக்கு எறியும் இடத்தின் பெயரே 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்'. அந்த மேட்டுக்கு வண்டியை இழுத்துப் போகிறவர் எறிவதற்கு முன்பே களைத்துவிடுவார். வெர்மான்ட் மலையில் உள்ள ஸ்மக்ளர்ஸ் நாட்ச் களத்திலும் ஏற்ற இறக்கம்தான். பின்லாந்தில், கைபேசி நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த அதே நோக்கியா ஊரில், 'பீஸ்ட்' என்ற புகழ்பெற்ற களம் இருக்கிறது. அந்த நாட்டில் பனிக்காலத்திலும் ஆடுகிறார்கள். புதைந்த வட்டைக் கண்டுபிடிக்க அதில் ரிப்பன் ஒட்டி எறிகிறார்கள். வேர் பின்னிய காட்டுத் தரையிலும் பனியிலும் சிறு சக்கரம் முதல் திருப்பத்திலேயே சிக்கும். அங்கே இரண்டு வார் வைத்த முதுகுப்பைதான், அதுவும் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டையோடு. வண்டிதான் வேண்டும் என்றால் பெரிய சக்கரத்தைத் தனியே வாங்கி மாட்டுகிறார்கள்; எடை கூடும், காரின் டிக்கியில் பாதி இடமும் போகும்.

டிக்கி என்றதும் சொல்ல வேண்டியது, பையை அதில் போட்டு மறந்துவிடாதீர்கள். கோடை வெயிலில் பூட்டிய காருக்குள் ஏறும் சூட்டில், சாய்ந்து அழுந்திக் கிடக்கும் வட்டு மெல்ல வளைந்துவிடும். வளைந்த வட்டு முன்பு பறந்த மாதிரி பறக்காது. மழையில் ஆடிவிட்டு வந்தால் வீட்டுக்குள் கொண்டுவந்து, வட்டுகள் அனைத்தையும் வெளியே எடுத்து, எல்லா ஜிப்பையும் திறந்து, பையைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அப்படி வெளியே எடுக்கும்போது, கடந்த இரண்டு மாதத்தில் கை படாத வட்டுகளைத் தனியாக ஒதுக்கி அலமாரியில் வையுங்கள். காய்ந்த பைக்குள் மற்றவை மட்டும் திரும்பப் போகட்டும்.

(தொடரும்)