பந்தியில் முதலில் எழும்புபவர்

மன்னார்த் தீவில் இருந்துகொண்டு அன்றாடம் பியர் குடிக்க எந்தக் கிளாஸ் நல்லது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கைபிடி வைத்த கனத்த குவளையா, காம்பும் வயிறுமாக இருக்கும் விலைகூடிய கிண்ணமா, தேநீர்க் கடையில் பிளேன்டீ தரும் சாதாரண கிளாஸா என்பது அவருடைய குழப்பம். ‘அன்றாடம்’ என்ற சொல்லை மருத்துவப் பக்கத்தார் கவனித்துக்கொள்வார்கள். கிளாஸ் பற்றிய பகுதிக்குப் பௌதிகம் விடை சொல்லும். அதற்கு முன் கொஞ்சம் குப்பை கூட்ட வேண்டியிருக்கிறது. குவளையின் வளைவு பியரை நாக்கின் ‘சரியான’ இடத்தில் கொண்டுபோய் இறக்கும் என்று கிளாஸ் விற்பவர்கள் சொல்வதுண்டு. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற பழைய நாக்கு வரைபடம்தான் அதற்கு ஆதாரம். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் அளந்த மிகச் சிறிய வித்தியாசங்களை 1942இல் எட்வின் போரிங் தம் புத்தகத்தில் வரைந்த விதம் பெரிதாக்கிவிட்டது. படித்தவர்கள் அதை எல்லைக்கோடு என்று எடுத்துக்கொண்டார்கள். நாக்கில் சுவைமொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையையும் அறியும். ஒடுங்கிய வாய் மணத்தைப் பிடித்து வைக்கும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த லாகர் அந்தக் குளிரில் மணம் விடுவதே குறைவு. இல்லாததைப் பிடித்து வைக்கப் பாத்திரம் வேண்டாம். வடிவத்தால் மாறுவதாக அளந்து காட்டப்பட்ட ஒன்று குடிக்கும் வேகம். 2012இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், வளைந்த கிளாஸை விட நேரான கிளாஸில் லாகர் குடித்தவர்கள் 60 சதவீதம் மெதுவாகக் குடித்தார்கள். வளைந்த கிளாஸில் பாதி எது என்று கண் தவறாகக் கணக்கிடுவது காரணமாக இருக்கலாம் என்றார்கள். தேநீர்க் கிளாஸுக்கு முதல் புள்ளி.

உண்மையில் கிளாஸ் செய்யும் பெரிய வேலை வேறு. பியருக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டு எப்போது, எங்கிருந்து, எவ்வளவு வேகமாக வெளியேற வேண்டும் என்பதை அதன் உட்சுவர் தீர்மானிக்கிறது. ஒரு லீற்றர் பியரில் சாதாரணமாக இரண்டரை லீற்றர் அளவு வாயு கரைந்திருக்கும். மூடியைத் திறந்து ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு வந்தபின், 5 பாகைக் குளிரில் ஒரு லீற்றர் நீர் தாங்கக்கூடியது சுமார் 1.4 லீற்றர், 30 பாகையில் 0.66 லீற்றர்தான். மிச்சமெல்லாம் போகத் துடிக்கிறது. துடித்தும் போக முடிவதில்லை. வெளியேற வேண்டுமானால் குமிழியாக வேண்டும்; குமிழி பிறக்கும்போது மிகச் சிறியதாகத்தான் பிறக்க முடியும்; சிறிய குமிழியை மேற்பரப்பிழுவை நசுக்கிவிடும். ஒரு மைக்ரோமீற்றர் ஆரையுள்ள குமிழியின் மேல் அந்த நசுக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம். பத்தில் ஒன்றாகச் சிறுத்த குமிழிக்குப் பத்து மடங்கு. குளிர்ந்த பியரில் வாயுவின் தள்ளல் இவ்வளவுக்கெல்லாம் ஈடுகொடுக்காது. ஆகவே சுமார் ஒரு மைக்ரோமீற்றரைத் தாண்டிய குமிழி வளரும், அதற்குக் குறைந்தது பிறந்த இடத்திலேயே கரைந்துபோகும்.

இது கலியாண வீட்டுப் பந்தி. சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், கை காய்கிறது, எல்லோருக்கும் எழும்ப விருப்பம். ஆனால் யார் முதலில் எழும்புவது? சின்னப் பொடியன் ஒருவன் எழும்பப் பார்ப்பான். தாய் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்திவிடுவாள். அந்த இழுப்புத்தான் மேற்பரப்பிழுவை. இன்னொரு பொடியன், இன்னொரு தாய். போதிய அகலமும் வயதும் உள்ள ஒரு பெரியப்பா எழும்பினால் அவரை இழுத்து இருத்த ஆளில்லை. அவர் பின்னால் வரிசை முழுவதும் எழும்பும். பியருக்குள் புதிதாக ஒரு பெரியப்பா உருவாக வழியில்லை என்பதுதான் சிக்கல். அவர் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். அதாவது, பியர் ஊற்றப்படும் முன்பே கிளாஸில் எங்காவது ஒரு மைக்ரோமீற்றரை விடப் பெரிய காற்றுப் பை ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். இன்னும் நுட்பம், அவர் எழும்பிப் போகும்போது தன் துண்டைக் கதிரையில் விட்டுவிட்டுப் போகிறார். அந்தத் துண்டிலிருந்து அடுத்த பெரியப்பா முளைக்கிறார். (உவமை இங்கே கொஞ்சம் நொண்டுகிறது. பௌதிகம் நொண்டவில்லை: பையிலிருந்து குமிழி பிய்ந்து போகும்போது கொஞ்சம் வாயு உள்ளேயே தங்கிவிடுகிறது, அதனால்தான் ஒரே புள்ளியிலிருந்து மணிமாலை போல் குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன.)

அந்தக் காற்றுப் பை எங்கே இருக்கிறது? கண்ணாடியில் உள்ள கீறல் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். பிரான்சின் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம்பெய்ன் குமிழிகளையே தொழிலாகப் பார்த்துவரும் ஜெரார் லிஜே பெலேர், அதிவேகக் கமராவை நுணுக்குக்காட்டியில் பொருத்திப் பார்த்தபோது, பெரும்பாலான குமிழிகள் கண்ணாடியிலிருந்து வரவேயில்லை. சுவரில் ஒட்டிக்கிடந்த செலுலோசு நாரிலிருந்து வந்தன. துடைத்த துணியிலிருந்து உதிர்ந்ததோ, காற்றில் மிதந்து வந்து படிந்ததோ, நூறு மைக்ரோமீற்றர் நீளமுள்ள குழல் போன்ற ஒரு நார். அதன் உள்ளே பானம் புகமுடியாமல் அடைபட்ட காற்று. பெரியப்பா அங்கேதான் குந்தியிருக்கிறார். பியரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். நூறு வீதம் சுத்தமான, தூசு நாரற்ற, அழுத்தமான கண்ணாடியில் பியர் ஊற்றினால் ஊற்றும் வேகத்தில் எழும் நுரைக்குப் பிறகு அது சும்மா கிடக்கும். இதை அறிந்த கம்பனிகள் 2000களில் கிளாஸின் அடியில் லேசரால் பொறித்து, குமிழி பிறக்கும் வளையம் என்று விளம்பரம் செய்தன. பொய்யல்ல, வேலை செய்யும். ஒரு பருத்தித் துணி அதே வேலையைக் காசில்லாமல் செய்கிறது என்பதை மட்டும் விளம்பரத்தில் சேர்க்கவில்லை.

நுரைக்கு இன்னொரு பகை உண்டு, அது மன்னாரில் தட்டிலேயே இருக்கிறது. பியரின் நுரைப் படலத்தைத் தாங்குவது வாற்கோதுமையின் புரதமும் ஹொப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்த வலை. எண்ணெய்த் துளி ஒன்று அந்தப் படலத்தில் ஏறினால் அந்த இடத்தில் இழுவை குறைந்து, படலம் பக்கவாட்டில் இழுபட்டு மெலிந்து கிழியும். பொரித்த பாரைத் துண்டு ஒன்றைக் கடித்த உதட்டோடு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். உதடு பட்ட பக்கத்திலிருந்து நுரை வற்றத் தொடங்கும். கிளாஸில் நேற்றைய மீனின் எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் நுரை ஏறவே ஏறாது. ஆகவே பைட்டோடு குடிப்பவர், அதாவது குடிக்கும் எல்லோரும், எந்தக் கிளாஸ் வாங்கினாலும் அது கை உள்ளே போய்க் கழுவக்கூடிய வாய் அகலமுள்ளதாக இருக்க வேண்டும். வயிறு பெருத்து வாய் ஒடுங்கிய கிண்ணம் இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கரையில் தோற்கிறது.

இனி வெக்கை. இலங்கையில் பியர் 1881இல் வணிகமாகத் தலையெடுத்தது நுவரெலியாவில், ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டிய குளிரில். கனத்த குவளை அங்கே பொருந்தும். மன்னாரில் அலுமாரியில் 32 பாகையில் இருக்கும் அரைக் கிலோ எடையுள்ள குவளையில் 5 பாகைப் பியர் 330 மில்லிலீற்றர் ஊற்றினால், இரண்டும் சமநிலைக்கு வரும்போது பியர் 11 பாகையைத் தாண்டிவிடும். வெயில் இன்னும் தன் பங்கைத் தொடங்கவேயில்லை. 150 கிராம் எடையுள்ள மெல்லிய கிளாஸில் அதே பியர் 7 பாகையை ஒட்டி நிற்கும். அதற்குப் பிறகு வருவது வேர்வை. 30 பாகை வெப்பமும் 80 சதவீதச் சாரீரப்பதனும் உள்ள மாலையில் பனிபடுநிலை 26 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் காற்றிலுள்ள நீராவி ஒடுங்கும். ஒடுங்கும் ஒவ்வொரு கிராமும் சுமார் 2,400 யூல் மறைவெப்பத்தைக் கக்குகிறது. கிளாஸின் வெளிப்புறத்தில் ஒரு தேக்கரண்டி வேர்வை சேர்ந்தால் அந்த வெப்பம் 330 மில்லிலீற்றர் பியரை 9 பாகை உயர்த்தப் போதும். விளம்பரப் படங்களில் குளிர்ச்சியின் அடையாளமாகக் காட்டும் அந்த முத்துத்துளிகள்தான் குளிர்ச்சியைக் கொல்கின்றன. வோஷிங்டன் பல்கலைக்கழக வளிமண்டல ஆய்வாளர்கள் டறனும் ஃப்றீர்சனும் 2013இல் இதை அளந்தபோது, ஈரமும் வெக்கையும் கூடிய நாளில் காற்று நேரடியாகத் தரும் வெப்பத்தை விட வேர்வை தருவது அதிகமாக இருக்கக் கண்டார்கள். சோளகம் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, கிளாஸைச் சுற்றி உலர்ந்துபோன காற்றுப் போர்வையைக் கலைத்துப் புது ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும்.

ஆக மெல்லிய, சிறிய தேநீர்க் கிளாஸே தேறுகிறது. இங்கே மூன்று மறுப்புகள் வரும். கனத்த குவளையை ஃபிரீசரில் வைத்தால்? கணக்கு தலைகீழாகும், பியர் பூச்சியத்துக்கே இறங்கும். ஆனால் உட்சுவரில் படியும் பனிப்பளிங்குகள் ஒவ்வொன்றும் ஒரு பெரியப்பா, ஊற்றியதும் பாதி நுரையாகப் பொங்கும். தவிர, இந்தப் பக்கத்து ஃபிரீசரில் மீனை எடுத்துவிட்டுக் குவளை வைப்பதற்கு வீட்டில் யார் அனுமதி தருவார்கள் என்பது பௌதிகத்துக்கு வெளியே உள்ள கேள்வி. இரட்டைச் சுவர் எவர்சில்வர்க் குவளை? குளிர்ச்சி ஒன்றே குறி என்றால் அதுதான் வெல்லும், வேர்வையே வராது. குமிழியைப் பார்க்காமல் குடிக்கச் சம்மதமானவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்தலாம். சிறிய கிளாஸ் சீக்கிரம் சூடாகாதா என்பது மூன்றாவது, அதுவே நல்ல மறுப்பு. ஆம், சீக்கிரம் சூடாகும்: கொள்ளளவோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு அதிகம். ஆனால் அது சீக்கிரம் தீர்ந்தும் போகும். உயரம் அகலம் எல்லாவற்றையும் பாதியாக்கினால் சூடேறும் வேகம் இரு மடங்கு, குடித்து முடிக்கும் நேரமோ எட்டில் ஒன்று. ஏறும் வெப்பம் கால் பங்கு. மீதி பியர் ஐஸ் வாளியில் போத்தலோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஊற்றில் கிளாஸ் குளிர்வதற்குக் கொஞ்சம் குளிர் செலவாகும், இரண்டாவதிலிருந்து அந்தச் செலவு இல்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு இரண்டு வரி. தீவுக்கு எதிரே மாந்தையில் 1980களில் நடந்த அகழ்வுகளில் கண்ணாடி மணிகளும் மேற்காசிய, சீனக் கலங்களும் கிடைத்திருக்கின்றன. கண்ணாடி இந்தக் கரைக்குப் பழைய சரக்கு. பியர் கண்ணாடிக் கிளாஸில் குடிக்கப்படுவது அவ்வளவு பழையதல்ல. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் வெளிறிய பொன்னிற லாகர் பிறந்து, அதே நாட்டின் கண்ணாடியும் மலிவானபோது, பார்க்க ஏதோ இருக்கிறது என்று ஆயிற்று. அதற்கு முன் பெரும்பாலும் மண்ணும் மரமும் வெள்ளீயமும்தான்.

மண்ணும் மரமும் போக வடக்கில் இன்னொரு குவளை இருந்தது: பனையோலையை மடித்துக் கட்டிய பிளா. தவறணையில் கள்ளுக்கு அதுதான் பாத்திரம். மேலே சொன்ன அளவுகோல்களை வைத்து அதைச் சோதிப்பது நியாயமான காரியம். எடை மிகக் குறைவு, ஆகவே பானத்துக்குச் சூடேற்ற அதனிடம் வெப்பமே இல்லை. புதிய ஓலையில் நேற்றைய மீன் எண்ணெய் இருக்காது. நரம்பும் மடிப்பும் நாருமாக, பெரியப்பாக்கள் குந்துவதற்கு இடம் தாராளம். அதனாலேயே லாகருக்கு ஆகாது: வாசல் கூடக் கூட வாயு விரைவாகத் தீரும், வடிகட்டி மதுவத்தை நீக்கிப் போத்தலில் அடைத்த பியரில் போன வாயு போனதுதான். கள்ளில் அப்படியல்ல. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசாமல் இறக்கிய கள்ளில் மதுவம் உயிரோடு இருக்கிறது. பிளாவுக்கு வந்தபிறகும் சீனியைத் தின்று காபனீரொட்சைட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது. பந்தியிலிருந்து எத்தனை பேர் எழும்பிப் போனாலும் சமையற்கட்டில் அடுப்பு எரிகிறது, அடுத்த பந்தி வந்து குந்துகிறது. அந்த அடுப்பை அணைக்க ஆளில்லை என்பதில் ஒரு தொல்லையும் உண்டு. மதுவத்தோடு சேர்ந்து வந்த பக்ரீரியாக்களும் வேலையில் இறங்கும். காலையில் இறக்கிய கள்ளை வெக்கையில் மறுநாள்வரை வைத்தால் வினாகிரிப் பக்கம் சாயத் தொடங்கிவிடும், அப்போது பிளா என்ன, பொஹீமியக் கண்ணாடி என்ன.