டீமனைக் கூப்பிட்டா பில்லை யார் கட்டுவது?

இன்னைக்கு நாம பேசப்போறது பேய் ஓட்டுறதைப் பற்றி இல்ல, பேயைக் கூப்பிடுறதைப் பற்றி. அதுக்குன்னு ரூல்ஸ் இருக்கு. அச்சடிச்ச புத்தகத்தில், பகடைக் கணக்கோடு.

டேபிள்டாப் ஆர்பிஜி புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, சேர்ந்து ஒரு கதையை நடத்தும் விளையாட்டு இது. டஞ்சன் மாஸ்டர், சுருக்கமா டிஎம், அந்த உலகத்தை நடத்துவார். முடிவு தெரியாத இடத்தில் பகடை பேசும். இதில் பெரிய பெயர் 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

இந்தத் தலைப்பை எடுக்க ஒரு காரணம் இருக்கு. எங்க குழுவில் நான் ஒரு மந்திரவாதி. ஒரு சண்டையில் எல்லாரும் அடிபட்டுக் கிடந்தோம். அப்போ "சம்மன் கிரேட்டர் டீமன்" என்ற மந்திரத்தைப் போட்டு, குரங்கு மாதிரி இருக்கும் பார்ல்குரா என்ற டீமனைக் கூப்பிட்டேன். அது ரெண்டு சுற்று நான் சொன்னதைக் கேட்டது. மூணாவது சுற்றில் கட்டை அறுத்துக்கொண்டது. நான் பாதுகாப்பு வட்டத்துக்குள்ள நின்னதால் எனக்கு ஒரு கீறல்கூட இல்ல. பக்கத்தில் நின்ன தோழியோட கேரக்டர் செத்துப்போச்சு. எட்டு மாசம் அவள் ஆடி வளர்த்த கேரக்டர் அது.

அவள் கத்தவில்லை. "நீ வட்டத்துக்குள்ள நின்ன. நான் எங்க நிக்கிறேன்னு பார்த்தியா?" என்று மட்டும் கேட்டாள். பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அன்னைக்கு ராத்திரி அந்த மந்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மறுபடி படிச்சேன்.

அந்த மந்திரத்தில் என்ன எழுதியிருக்கு?

இந்த மந்திரம் 2017இல் வந்த "சனாதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்" புத்தகத்தில் இருக்கிறது. தேவையான பொருள்: கடந்த 24 மணி நேரத்துக்குள் கொல்லப்பட்ட ஒரு மனித உருவ உயிரின் ரத்தம், ஒரு குப்பி. அதாவது, மந்திரம் தொடங்கும் முன்பே யாரோ ஒருவர் செத்திருக்க வேண்டும்.

அந்த ரத்தத்தால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ளலாம். டீமன் அதைத் தாண்ட முடியாது, உள்ளே இருப்பவரைக் குறிவைக்கவும் முடியாது. ஆனால் வட்டம் மந்திரவாதி நிற்கும் இடத்துக்குத்தான். குழு முழுக்க உள்ளே வந்து நிற்க அதில் இடம் கிடையாது.

டீமன் தன்னுடைய ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒரு கரிஸ்மா பகடை உருட்டும். தோற்றால் உங்கள் பேச்சைக் கேட்கும். ஜெயித்தால் உங்கள் கட்டுப்பாடு போச்சு. அதன் பிறகு பக்கத்தில் இருக்கும், டீமன் அல்லாத யாரையும் அது துரத்தி அடிக்கும். சரி, மந்திரத்தை நிறுத்திவிடலாமே என்றால், கட்டறுத்த டீமன் உடனே மறையாது. ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டி, வரும் எண்ணிக்கை அளவு சுற்றுகள் அங்கேயே நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 20 முகப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழுந்தால் டீமன் தப்பிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 25 சதவீதம்தான், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நாலு சுற்றுக்குள் அது தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 68 சதவீதம். டீமனின் உண்மைப் பெயர் தெரிந்து அதைச் சொன்னால், அது ரெண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்கணும். அப்போது அதே நாலு சுற்றுக்கு வாய்ப்பு சுமார் 23 சதவீதமாக இறங்கிவிடும். எனக்குப் பெயர் தெரியாது. தேடவும் இல்லை.

பழைய விதிகள் என்ன சொன்னது?

இந்த யோசனை புதுசு கிடையாது. 1974ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே எலிமெண்டல் என்ற பூதத்தைக் கூப்பிடலாம். கவனம் சிதறினால் அது கூப்பிட்டவர் மீதே பாயும். டெமோகோர்கன், ஆர்கஸ் போன்ற டீமன் தலைவர்கள் 1976இல் "எல்ட்ரிட்ச் விசார்ட்ரி" என்ற துணைப் புத்தகத்தில் வந்தார்கள். 1978இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் "காகோடீமன்" என்ற மந்திரம் வந்தது. அதில் டீமனின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், டீமனை அடைக்க ஒரு கோலம் வேண்டும், உங்களைக் காக்க இன்னொரு கோலம் வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்தால் அது உங்களைக் கொல்லும், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடும். ஐரோப்பாவின் பழைய மந்திர நூல்களிலிருந்து வந்த சாயல் இது. 72 பேய்களைப் பட்டியலிடும் "ஆர்ஸ் கோயேஷியா"விலும் மந்திரவாதிக்கு ஒரு வட்டம், பேய்க்கு ஒரு முக்கோணம் உண்டு.

இதையெல்லாம் பார்த்து 1980களில் அமெரிக்காவில் சில பெற்றோர்களும் மத அமைப்புகளும் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகிறது என்று பயந்தார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு டீமன், டெவில் என்ற பெயர்களையே விட்டுவிட்டது. 1991இல் அவை "தனாரி", "பாட்டேசு" என்ற பெயர்களில் திரும்பி வந்தன. வேடிக்கை என்னவென்றால், எதைப் பார்த்துப் பயந்தார்களோ, அந்த விதிகள் சொல்லிக்கொண்டிருந்ததே "இதைத் தொட்டால் சுடும்" என்றுதான்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பிளானர் பைண்டிங் என்ற மந்திரம் இதை ஒரு பேரம் ஆக்கியது. டீமனை வட்டத்துக்குள் அடைத்து, என்ன வேலை, என்ன கூலி என்று பேச வேண்டும். நியாயமில்லாத வேலைக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டாலும், நீங்கள் சொன்ன வார்த்தையில் ஓட்டை இருந்தால் அதில் நுழைந்து வெளியே வந்துவிடும். பேரப் பகடையில் உங்களுக்கு 1 விழுந்தால் கட்டே அறுந்துபோகும்.

மற்ற விளையாட்டுகளில்?

மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளை வைத்து 1981இல் வந்தது "ஸ்டார்ம்பிரிங்கர்". அதில் மந்திரம் என்றாலே டீமன், எலிமெண்டல்களை அழைப்பதுதான். டீமனை வாளிலும் கவசத்திலும் அடைத்து வைக்கலாம். ரான் எட்வர்ட்ஸ் எழுதிய "சார்சரர்" இன்னும் ஒரு படி மேல. அதில் ஒவ்வொரு டீமனுக்கும் ஒரு ஆசை, ஒரு தேவை உண்டு. தேவையைத் தீர்க்கவில்லை என்றால் அது முரண்டு பிடிக்கும். உங்களுக்கு "மனிதத்தன்மை" என்று ஒரு எண் இருக்கும். டீமனோடு தொடர்பு கொள்ளும்போதும், அழைக்கும்போதும், கட்டும்போதும் அது குறைய வாய்ப்புண்டு. பூஜ்ஜியம் ஆனால் கேரக்டர் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் இருக்கு. 2020இல் வந்த "தாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்" புத்தகத்தில் சம்மன் ஃபீண்ட் என்ற மந்திரத்தைப் போட்டால், வருவது கடைசி வரை உங்கள் பேச்சைக் கேட்கும். கவனம் போனால் மறைந்துவிடும், அவ்வளவுதான். விளையாட்டு வேகமா நகரும், சண்டை சச்சரவு இல்ல. அவசரத்துக்கு நல்லதுதான். ஆனா அது வாடகைக்கு எடுத்த ஆள் மாதிரி. பயம் இருக்காது.

சரி, நல்ல விதி எது?

இந்த விதிகளை எல்லாம் வரிசையா வெச்சுப் பார்த்தா எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடுது: விலையை யார் கொடுப்பது? காகோடீமனில் மந்திரவாதியே கொடுக்கிறான். சார்சரரில் அவனோட மனிதத்தன்மை கொடுக்கிறது. நான் போட்ட மந்திரத்தில் மட்டும் முடிவு என்னுடையது, விலை பக்கத்தில் நின்றவளுடையது. அது தப்பான விதி இல்லை. சொல்லப்போனால் ரொம்ப நேர்மையான விதி. டீமனோடு பேரம் பேசுபவன் எப்படிப்பட்டவன் என்று அது காட்டிவிடுகிறது. ஆனால் அந்த விலையைக் கொடுக்கப்போகும் ஆள், மேசையில் நிஜமாகவே உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பர்.

அதனால் எங்க மேசையில் இப்போ மூணு பழக்கம் வெச்சிருக்கோம். ஒன்று, கட்டறுத்துக்கொள்ளும் டீமன் கதையில் வேணுமா என்று விளையாட்டு தொடங்கும் முன்பே எல்லாரிடமும் கேட்போம். ரெண்டு, கூப்பிடுபவர் பகடையைத் தொடும் முன் "இது தப்பிச்சா முதல்ல யார் மேல பாயும்?" என்பதைச் சத்தமாகச் சொல்லணும். மூணு, அந்த ஆள் "வேண்டாம்" என்றால் வேறு வழி தேடணும். "சரி, கூப்பிடு" என்றால் அப்புறம் நடப்பது எல்லாருடைய கதை.

போன மாசம் மறுபடி அந்த நிலைமை வந்தது. தோழியின் புது கேரக்டர் என் பக்கத்தில். விதிப்படி சொன்னேன்: "தப்பிச்சா உன் மேலதான் பாயும்." அவள் மேப்பைப் பார்த்தாள். தன் மினியேச்சரை எடுத்து ஆறு கட்டம் தள்ளி வெச்சாள். "இப்ப யார் மேல பாயும்?" என்றாள்.

டிஎம்மோட கேரக்டர்தான் பக்கத்தில் இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தோம். "கூப்பிடு, பார்த்துக்கலாம்" என்றார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், வட்டம் போடும்போது வெளியே நிற்பவங்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்க.